நான்காவது நடை

இன்று காலை பின்கதவைத் திறந்ததும் ஃபீஜோவாப் பழ வாசம் முகத்தில் அடித்தது. புல்தரையில் ஒரு வாளிப் பழம் விழுந்து கிடந்தது. "சோப்புக்கட்டி மாதிரி இருக்கு, அக்கா" என்று முகத்தைச் சுளித்தபடியே, என் தோழியே, நீர் பத்துப் பழம் தின்றது நினைவு வந்து, தனியாக நின்று சிரித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையிலிருந்து திரும்பியபோது, பக்கத்துப் புறநகரான ஒடாஹுஹுவிலிருந்து ஒரு பெட்டியுடன் வந்து இறங்கினீர். "இரண்டு கிழமைதான்" என்றீர். நான்கு மாதம் இருந்தீர்.

நான் தனியே வாழ முடியுமா, முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று தீர்மானிக்க அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வரவிருந்தார். போனால், இல்லத்தின் செலவுக்கு த்ரீ கிங்ஸ் பகுதியில் உள்ள இந்த வீட்டை விற்க நேரும். மறைந்த என் கணவர் இரண்டு வேலை செய்து மோர்ட்கேஜ் கடன் கட்டி முடித்த வீடு. ஊரில் சீதனம் எழுதுவதுபோல மகளுக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது எழுதினாலும் என்னுடைய சொத்தாகவே பார்ப்பார்கள் என்றார் லோயர்.

"அப்ப உங்கட காலைத்தான் நம்பவேணும்" என்றீர். அன்று முதல் எனக்கு நடைப்பயிற்சி, வீடெங்கும் உம்முடைய அதட்டல்தான். "மகாராணி, குதிக்காலை ஊண்டுங்கோ!" கன்னியர் மடப் பள்ளியில் மாணவத் தலைவியாக இருந்தவளை அதற்குமுன் எவரும் அதட்டியதில்லை.

அதிகாரி வந்த அன்று பட்டுச் சேலை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் எப்படி? நீர் ஓடிப்போய்த் தட்டில் கொண்டுவந்தீர். வீட்டுக்கு மூத்தவள் எழுந்து ஓடுவது அழகல்ல என்று நான் அசையவே இல்லை. ஒரு கிழமையில் கடிதம் வந்தது: எழுந்து நடக்கவில்லை, தேநீரும் தோழியே தயாரித்தார், இல்லமே பொருத்தம்.

நீர் தரையில் குந்தியிருந்து சிரித்தீர். "ஐயோ அக்கா, உபசாரம் செய்தே வீட்டைக் குடுக்கப் பாத்தம்!"

"என்ர வீடு போகப்போகுது. உமக்குச் சிரிப்போ?"

"போகாது. அந்த மனுசியைத் திரும்பக் கூப்பிடுங்கோ. இந்தமுறை நான் எழும்பமாட்டன்."

அவர் மறுபடி வந்தபோது, சொன்னபடியே என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இருந்தீர். நான் கைத்தடியுடன் குசினிக்குப் போய், மூன்று கோப்பைகளை மூன்று நடையாகக் கொண்டுவந்தேன். நீர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது, அக்கா" என்றீர். மூன்று கரண்டி போட்டிருந்தேன்! பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது தடவை நடந்தேன். அதிகாரி சிரித்தபடி பேனாவை எடுத்தார். வீடு தப்பியது.

நீர் கண்ணை மூடி இரண்டு வருடம். போன கிழமை மங்கரேயில், கால் முறிந்த நம்மூர்ப் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். மனைவியை இழந்தவர், சொந்த வீடு, அவரிடமும் அதிகாரி வரவிருக்கிறார். அவருடைய தங்கை தேநீர் போட ஓடினார். கையைப் பிடித்து இருத்தினேன்.

"வந்தவைக்கு நானோ தேத்தண்ணி ஊத்திறது?" என்று பெரியவர் முறைத்தார்.

"ஓம். வீடு வேணுமெண்டால் எழும்புங்கோ."

முணுமுணுத்தபடி கொண்டுவந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது. எப்படியிருக்கிறது என்று நான் சொல்வதற்காக எதிரிலேயே நின்றார். நான் வேண்டுமென்றே மிடறு மிடறாக, மிக மெதுவாகக் குடித்தேன். பத்து நிமிடம் ஒன்றையும் பிடிக்காமல் நின்றிருந்தார். அப்படி நின்றது அவருக்கே தெரியாது.