உப்பு குறைந்த உப்பு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்று இரண்டாவது வரியிலேயே எழுதிவிடுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. பதறாதே, உன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், சன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, கறி மீன் கூடாது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து சமையலறை என் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். முப்பது வருடம் லேத் ஓட்டியவன், புடலங்காயை ஸ்கேல் வைத்து நறுக்கினேன். காய் நறுக்குறீங்களா போல்ட் கடையிறீங்களான்னு கேட்டாள். சீரகம் எவ்வளவு என்றால் கண்ணளவுன்னு சொல்வாள், யார் கண் என்று கேட்டால் முறைப்பாள். பெருங்காயத்தைக் கருக்கினேன், கடுகு வெடிக்குமுன் காயைக் கொட்டினேன். டாக்டர் சொன்னபடி காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் மிச்சம் சக்கைதான், இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். பாதி உடம்பாகிவிட்டாள், எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் உன் பார்சல் வந்தது.

டப்பாவின் மேல் உப்பு குறைந்த உப்பு என்று எழுதி ஒட்டியிருந்தாய். குறைந்ததுதானே என்று நான் இரண்டு மடங்கு போட்டேன். சுரைக்காயும் பாசிப்பருப்பும் வைத்தேன், மறுசோறு கேட்டாள். உங்களுக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சுன்னு சொன்னாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் அப்படி ஓடியது. பதினோராவது நாள் காலையில் குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள், காலு என்னோடது மாதிரியே இல்லைங்கன்னு மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார்கள். என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர் கேட்டதும் என் சமையல் நோட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் உப்பு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார், திருப்பிப் பார்த்தார். உப்பைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருக்கிறார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது. வரைபடத்தில் மயிரிழை பிசகினாலும் விடாதவன், ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மூன்று நாள் மார்பில் ஒயரோடு கிடந்தாள், நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளை காலை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அந்தப் பொட்டாசியம் எண் இறங்கவில்லையென்றால் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை. இன்று பீர்க்கங்காயை உப்பே இல்லாமல் சீரகம் தாளித்துக் கொடுத்தேன், பாதி சாப்பிட்டாள், பாவம்.

உன்னிடம் சொல்லக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், ஆசையா அனுப்பினா, தெரிஞ்சா பிள்ளை ஒடிஞ்சுபோயிடும்கிறாள். நானும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று உன் செய்தி வந்தது, அம்மாவுக்குப் பிடித்ததென்று இன்னும் நான்கு டப்பா அனுப்பியிருக்கிறாய், சர்க்கரையும் கொதிப்பும் உள்ள உன் மாமியாருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாய். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இதைப் படித்த கையோடு அவர்களிடமிருந்து அதை வாங்கிவை, அவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறதோ, டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நீ அனுப்பியது ஒரு டப்பா, இரண்டு மடங்கு அள்ளிப்போட்ட கை என்னுடையது, அதனால் அழுதுகொண்டு உட்காராதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, ரத்தம் பார்த்ததும் என்ன எண் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

இவ்வளவு நேரமா என்ன எழுதுறீங்கன்னு உன் அம்மா கேட்கிறாள். சமையலைப் பற்றி என்றேன். உப்பு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு பாப்பாவுக்கு எழுதுங்கன்னாள். எழுதிவிட்டேன். உப்பு ரொம்ப நன்றாக இருந்தது கண்ணு, இனி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா