பெரிய நட்சத்திரத்தின் அலைச்சல்

வானத்தையே கரைத்துக் குடித்த என் கணவருக்கு,

கோளரங்கத்தில் இன்று நீங்கள் அடித்த ஜோக்குக்கு நல்ல கைதட்டல். தெற்கு வானில் ஒன்றாகத் தெரியும் இரட்டை நட்சத்திரத்தைக் காட்டி, “சின்னது பெருசையே சுத்திச் சுத்தி வரும், என் பொண்டாட்டி மாதிரி” என்றீர்கள். பின்னால் புரொஜெக்டரை இயக்கிக்கொண்டிருந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவருக்கு இதுகூடத் தெரியாதா? இரண்டுமே நடுவில் உள்ள ஒரு புள்ளியைத்தான் சுற்றுகின்றன. பெரியதற்கும் அலைச்சல் உண்டு.

நாளை நாலு மணிக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நட்சத்திரங்களை நீங்களே வரவழையுங்கள். எந்தப் பொத்தான் என்று தெரியாவிட்டால் இருட்டிலேயே பேசுங்கள். பதினெட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறீர்கள்.

இப்படிக்கு,
நாளைய பார்வையாளர்களில் ஒருத்தி