கேப்டன் முதலில் சொல்ல வேண்டும்

மே 11, திங்கள்

அம்மா போன் செய்தாள். பாரூரில் பிரவீனா வீட்டில் 24-ஆம் தேதி ஞாயிறு பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்களாம். போன மாதம் ஆடிட் என்று நான் தள்ளிப்போட்டதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "இந்த வாட்டியாச்சும் ஒழுங்கா வந்து சேரு பிரேமு." ரூமில் சுரேந்தரிடம் மட்டும் சொன்னேன். கம்பெனியில் தெரிந்தால் கிண்டல் தாங்காது.

மே 14, வியாழன்

புத்தி எங்கே போச்சு எனக்கு?

மெஷின் மாட்ட வந்த துருக்கிக்காரர் விட்டுப்போன பேக்கேமன் பலகை, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் ஆடுகிறோம். ஒருவர் தனியாக ஆடுவார், அவர் பாக்ஸ். மற்ற மூவரும் எதிரணி, காய் நகர்த்துபவன் கேப்டன். பந்தயம் ஞாயிறு டூட்டி. ஒரு பாயிண்டுக்கு ஒரு ஞாயிறு, தோற்றவன் ஜெயித்தவருக்காக நிற்க வேண்டும். எதிரணி தோற்றால் முதலில் வரும் ஞாயிறுகள் கேப்டனுக்கு.

இன்று பாக்ஸ் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் குருமூர்த்தி அண்ணன். அவருக்கு இந்த மாதம் எல்லா ஞாயிறும் டூட்டி. நான் கேப்டன். பாதி ஆட்டத்தில் அண்ணன், பந்தயத்தை இரட்டிப்பாக்கும் டபுள் கட்டையை 2-க்குத் திருப்பினார். விட்டால் ஆட்டம் அங்கேயே தோல்வி, 17-ஆம் தேதியோடு போகும். எடுத்து ஆடித் தோற்றால் 24-ம் சேர்ந்து போகும். கேப்டன் முதலில் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அப்புறம் அவரவர் இஷ்டம்.

"நாலுல ஒரு சான்ஸ் இருந்தா எடுக்கணும், அதான் கணக்கு. எடு மச்சான்!" — சுரேந்தர். பக்கத்து லைன் மணிகண்டனும், "எடு கேப்டன்" என்றான்.

எடுத்தேன்.

உடனே இரண்டு பேரும், "நாங்க விட்டுட்டோம்ணா."

தோற்றேன். சுரேந்தருக்கு 24 தெரியும். தெரிஞ்சேதான் சொன்னான்! கணக்கு சரிதான், அந்தக் கணக்கில் பாரூர் இல்லை.

மே 15

24-ஐ மட்டும் நீ நில்லு என்று சுரேந்தரிடம் கேட்டேன். "ஆட்டம்னா ஆட்டம்தான் மச்சான். உன்ன யாரு எடுக்கச் சொன்னா?" யாரா?

அண்ணனிடம் காரணம் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "ஆயித்து, பிடப்பா" என்று, முடிஞ்சது விடப்பா என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

மே 24, ஞாயிறு

டூட்டி. மெட்டீரியல் இல்லாமல் பதினொரு மணிக்கே மெஷின் நின்றுவிட்டது. சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மே 29

பாரூரில் வேறு இடம் முடித்துவிட்டார்கள். "ரெண்டு வாட்டி கூப்ட்டும் வராதவன், கட்டிக்கினு போயி என்னா பாத்துக்குவான்?" என்றாராம் பிரவீனாவின் அப்பா. அம்மா திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

விஷயம் தெரிந்து அண்ணன் கேட்டார்: "பொண்ணு பாக்கப் போறேன்னு சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேனேப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஜூன் 11, வியாழன்

இன்று நான் பாக்ஸ். சுரேந்தர் கேப்டன். எனக்கு 14, 21 இரண்டு ஞாயிறும் டூட்டி. 21-ஆம் தேதி சிங்காரப்பேட்டையில் அவன் அக்காவுக்கு வளைகாப்பு.

கட்டையை 2-க்குத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். என் முகத்தையே பார்த்தான்.

"நாலுல ஒண்ணு இருக்குதுடா, எடு கேப்டன்" என்றான் மணிகண்டன்.

எடுத்தான். மணிகண்டன் விட்டான்.

ஜெயித்தேன். 21-ஆம் தேதி எனக்கு லீவு. போவதற்கு ஓர் இடமும் இல்லை.