நடுவில் இல்லாத ஒரு வருடம்

ஜூலை 21, திங்கள்

காலையில் தூறல், அரை மணி நேரத்தில் சுள்ளென்று வெயில். காற்று மட்டும் அசல் ஆடிக் காற்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முந்தானையைப் பிடிப்பதா ஃபைலைப் பிடிப்பதா என்று ஆகிவிட்டது. ஃபைலைப் பிடித்தேன்.

அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஏழாவது டேபிள். பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, உடற்கல்வியில் மூன்று வருடப் பட்டம், அதற்கு மேல் எம்.பி.எட். எல்லாம் ஒரிஜினல். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

டேபிளில் இருந்த அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"பி.பி.எட். எங்கங்க?"

அந்த ஒரு வருடப் பயிற்சிப் படிப்பு படிக்கவில்லை, பட்டம் முடித்து நேராக எம்.பி.எட். போனேன், இது அதைவிடப் பெரிய படிப்பு என்றேன்.

"பெரிய படிப்பு இருக்குங்க. கேட்டிருக்கிறது சின்னப் படிப்புங்க."

அறிவிப்பில் அந்த வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக் காட்டினார். நானும் என் பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். இவருடைய ஐந்து வருடப் படிப்பு பி.பி.எட்.டுக்குச் சமம் என்று முத்திரையோடு கொடுத்திருக்கிறார்கள். அரசாணை எண் இருந்தால் குறித்துக்கொள்கிறேன், இது வெறும் கடிதம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'தகுதி இல்லை'. பரீட்சை எழுதி மார்க் வாங்கியவளுக்கு. பதினான்கு வருடமாக வெயிலில் நின்று விசில் ஊதுகிறவளுக்கு. மேல்மாடி கட்டியிருக்கிறாய், சரி, கீழே ஒரு அறை குறைகிறதே என்கிறார்கள். அந்த அறை இல்லாமல்தானே மேலே ஏறினேன்?

குடையை டேபிளுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்க மனசில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

வாங்க வேண்டியவை: இட்லி அரிசி. யாழினிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். குடை.


ஜூலை 22, செவ்வாய்

முதல் பீரியட் 8-பி. ஏழு மணிக்கே போய் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடி தூவி கோ-கோ கோடு போட்டு முடித்தேன். எட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தேன். துரத்துகிறவள் முதுகில் தட்டி 'கோ' சொன்னால்தான் எழுந்து ஓட வேண்டும், அதற்கு முன்னால் எழுந்தால் ஃபவுல் என்று சொல்லி முடிக்கவில்லை, கணக்கு டீச்சர் வராந்தாவிலிருந்து கையைக் காட்டினார். போர்ஷன் முடியவில்லையாம். பிள்ளைகளை அனுப்பச் சொன்னார்.

"பி.டி. பீரியட்தானே மிஸ்."

இந்த 'தானே'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அனுப்பினேன். நான் போட்ட கோட்டை நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டாஃப் ரூமில் எப்போது ஆர்டர், எந்த ஊர் என்று விசாரணை. போன மாதம் ரிசல்ட் வந்ததும் மைசூர்பாகு கொடுத்தது நான்தான். யார் கொடுக்கச் சொன்னார்கள்? இன்னும் நாளாகும் என்று சொல்லிவைத்தேன்.

மத்தியானம் தேன்மொழிக்கு போன் செய்தேன். அவளும் நானும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் ரூம், ஒரே கோ-கோ டீம். அதே மூன்று வருடப் பட்டம், அதே எம்.பி.எட்., ஒரே நாளில் வாங்கியது. அவளிடமும் பி.பி.எட். கிடையாது. அவள் பன்னிரண்டு வருடமாக மணப்பாறைப் பக்கம் அரசுப் பள்ளியில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். அப்போது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படி எடுத்தார்கள். அவளுக்குக் கடிதம் வந்தது. எனக்கு யாழினி வயிற்றில் ஏழாம் மாதம், பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைத் தவறவிட்டேன், மூப்பு மொத்தமும் போயிற்று. அன்றைக்கு அவளுடைய ஃபைலில் நடுவில் இருக்கும் ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. என்னுடையதில் மட்டும் இன்றைக்கு ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருக்கும். உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது செய்திக்கு என்ன பஞ்சம்.


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மா மண்டபம் ரோட்டில் ஆள் நடக்க வழியில்லை. என் வீட்டுக்காரர் மூர்த்தியின் மெக்கானிக் கடை வாசலில் வேன்களை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், இன்று ஒரு வண்டிகூடச் சர்வீசுக்கு உள்ளே வர முடியவில்லை. காவேரியில் தண்ணீர் நன்றாகவே போகிறது. அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

சாயங்காலம் உத்திர வீதியில் வக்கீல் மாமா வீட்டுக்கு நானும் மூர்த்தியும். வயசானவர். திருமண் கலையாமல் காகிதங்களை எல்லாம் நிதானமாகப் படித்தார். தேர்வுப் பட்டியல் வெளியாவதற்கு முன்னால் மதுரை ஹைகோர்ட்டில் மனு போட்டாக வேண்டும், அடுத்த வாரத்தைத் தாண்டினால் நேரம் இருக்காது என்றார். பெரிய படிப்பு சின்னப் படிப்பில் அடங்குமா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவாம். அதை மட்டும் நம்பிப் போக முடியாதாம்.

"இதே படிப்போட யாராவது சர்வீஸ்ல இருக்காளா? பேரும் ஸ்கூலும் சொல்லுங்கோ, போதும். அவாளுக்குக் குடுத்தேள், இவாளுக்கு ஏன் இல்லேன்னு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது பெயர். அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஃபைலைத் திறப்பார்கள், அப்புறம் எப்படிப் போகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்.

திரும்பும்போது மூர்த்தி வண்டியை மெதுவாக ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். "சொன்னா கிடைக்கும்னும் இல்ல, சொல்லாட்டி கிடைக்கவே கிடைக்காது. அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சுது" என்றார்.


ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சமயபுரம் போகிற கூட்டம், பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றேன். ஸ்கூலுக்குப் பத்து நிமிடம் லேட். ரெஜிஸ்டரில் சிவப்புக் கோடு. இந்த வாரம் சிவப்பு மை என்னை விடுவதாக இல்லை.

தே.வுக்கு மூன்று கால். எடுக்கவில்லை. (இனி முழுப் பெயர் எழுதப்போவதில்லை. தே. போதும்.)

மெசேஜும் அனுப்பினேன்: 'உன் வேலையைக் கேக்கல. பேசணும்.' பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

நாளை சனி. நேரிலேயே போகிறேன்.


ஜூலை 26, சனி

மணப்பாறை பஸ்ஸில் ஜன்னல் சீட். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் உதவவில்லை.

கதவைத் திறந்தவள் முகத்தில் பயம்தான் முதலில் தெரிந்தது. அப்புறம்தான் "வா" என்றாள். டீ போட்டாள். தட்டில் முறுக்கு. ஹாலில் எங்கள் பல்கலைக்கழக டீம் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதில் நான் அவள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். தே. முறுக்கைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டே இருந்தாள், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. பிறகு, "என் பேரைச் சொல்லிடாதே" என்றாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் கொய்யாப்பழ வியாபாரம், இரண்டு பிள்ளைகள், அதெல்லாம் எனக்கே தெரியும்.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. ஒரே ஓட்டை உன் ஃபைலிலும் இருக்கிறது என் ஃபைலிலும் இருக்கிறது, நீ பன்னிரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய், ஏழு முறை போன் அடித்தால் எடுக்க மாட்டாயா என்று கேட்டேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

தே. கத்தவில்லை.

"நான் பி.பி.எட்.டுக்கு ஃபார்ம் வாங்கி ஃபில் பண்ணியே வச்சிருந்தேன் கலா. அதைக் கிழிச்சது யாரு?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.


ஜூலை 27, ஞாயிறு

மழை இல்லை. துணி துவைத்தேன். தலை வலி.

கிழித்தது நான்தான். மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன், அவ்வளவே. மூன்றாம் வருடக் கடைசி. கோச் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, பி.பி.எட். என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், எம்.பி.எட். சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம் யூனிவர்சிட்டி டீமில் ஆடலாம், எப்படியும் பெரிய படிப்புதானே என்றார். அவருக்கு வேண்டியது கப். எனக்கு வேண்டியது மைதானம். தே. மட்டும் யோசித்தாள், ஒரு வருடத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றாள். ஹாஸ்டல் கட்டிலில் அந்த ஃபார்ம் இருந்தது. நான் எடுத்து நாலாகக் கிழித்தேன். நீ போயிட்டா நான் யாருக்குடி கோ குடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே கிழித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், அது நிச்சயம்.

அந்த இரண்டு வருடமும் கப் வாங்கினோம். கப் அந்தக் காலேஜ் அலமாரியில் இருக்கிறது. கோச் சாருக்குப் பதவி உயர்வு. எனக்குச் சிவப்பு மை.

பெயரைச் சொல்ல வேண்டிய காரணம்:
– நியாயம். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு.
– அடுத்த தேர்வு எப்போது வரும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.
– யாழினி.
– போனை எடுக்காதது.

சொல்லக் கூடாத காரணம்:
– ஃபார்ம்.

ஒன்றுக்கு நாலு இருந்தும் தராசு அந்த ஒன்றின் பக்கமே சாய்கிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட முழு உரிமை இல்லாமல் பண்ணிவிட்டாள். யார் பண்ணினது? நானே பண்ணினேன். அப்படியும் கோபம் குறையவில்லை, அவள் மேலும் இருக்கிறது, சார் மேலும், ஸ்கேல் வைத்த அம்மா மேலும், இத்தனை வருடம் ஐந்து விதமான படிப்பை நடத்திக் கட்டணமும் வாங்கிக்கொண்டு எது எதற்குச் சமம் என்று ஒரு தாளில் எழுதி வைக்கத் துப்பில்லாதவர்கள் மேலும்.

யாழினி வந்து, அம்மா ஜியாமெட்ரி பாக்ஸ் என்றாள். அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம். நாளை கட்டாயம் வாங்க வேண்டும்.


ஜூலை 28, திங்கள்

காலையில் 8-பி. கணக்கு டீச்சர் வராந்தாவுக்கு வந்து கையைக் காட்டினார். தர முடியாது மிஸ் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்தார். இது என் பீரியட், நான் இதற்குப் படித்திருக்கிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் என்னையே பார்த்தார்கள். விசில் ஊதினேன், ஆட்டம் ஆரம்பித்தது. பிரின்சிபாலிடம் புகார் போயிருக்கிறதாம். போகட்டும்.

ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியாயிற்று. குடையும்.

ஆறு மணிக்கு வக்கீல் மாமா வீடு. தனியாகப் போனேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். அப்படி யாரும் எனக்குத் தெரியாது என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு நிமிஷம் பார்த்தார். அன்றைக்கு அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டவள் நான்தானே, மறந்திருக்க மாட்டார். ஆனால் கேட்கவில்லை.

"அப்போ பல்கலைக்கழக லெட்டர் ஒண்ணுதான் நமக்கு. பலம் கம்மி, தெரிஞ்சுக்கோங்கோ."

தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன், எத்தனை பக்கம் என்று எண்ணவில்லை. வியாழக்கிழமை மதுரையில் மனு.

மூர்த்தியிடம் சொன்னேன். சரி என்றார். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவரே கழுவி வைத்தார்.

நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று துளி நிம்மதி இல்லை. அவள் நாளைக்கும் போய் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவாள்.

எட்டு மணியிலிருந்து தே.விடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். எடுக்கவில்லை. இப்போது ஒரு மெசேஜ்: 'வக்கீல்கிட்ட என் பேரைக் குடுத்துட்டியா கலா? ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்க மாட்டேன்.'

திறந்து படித்துவிட்டேன். அவள் பக்கம் நீல டிக் விழுந்திருக்கும்.

கொடுக்கவில்லை என்று காலையில் சொல்லிக்கொள்ளலாம். இன்று ஒரு ராத்திரி அவளும் தூங்காமல் கிடக்கட்டும்.