உப்புப் போட்டேனா?

என்னங்க,

அண்ணன் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கிட்டான். கூட்டிட்டு வரப் போறேன். அடுப்புல அம்மா பக்குவத்துல வச்ச தடியங்காய்க் குழம்பு இருக்கு. அம்மாவோட முதல் வருஷத் திதி. காக்காவுக்கு வைக்கிறவரை யாரும் ருசி பார்க்கக் கூடாது, நீங்களுந்தான்.

ஆனா உப்புப் போட்டேனா, ரெண்டு தடவை போட்டேனா, ஞாபகமே இல்ல. அம்மாவுக்கு மறதி நோய் இப்படித்தானே ஆரம்பிச்சுது? நேத்து நீங்க ‘டாக்டரைப் பாப்போமா’ன்னு கேட்டதுக்குக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.

வாழையிலையைக் கழுவி வையுங்க.

– வடிவு

படையல் முடிஞ்சதும் முதல் வாய் நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க. கடைசிக் காலத்துல அம்மா மூணு தடவை உப்புப் போட்ட குழம்பை, ‘அருமையா இருக்கு’ன்னு சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டோமே. எனக்கு அப்படிச் சொல்லிடாதீங்க.