உருக்கிய இடுப்புப்பட்டி

நீ இல்லாத விருந்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: உன் மகள், உன் புருசன், அவருடைய தாய், என்னுடைய இவர், நான். ஐந்தே பேர். உன் பக்கத்து ஆள் என்று நான் மட்டும்தான்.

மகளுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. தேவாலயத்தில் கொன்பிர்மாஷூன் என்கிற திடப்படுத்தல் சடங்கு முடிந்து, வீட்டில் விருந்து. பூனாட் உடுத்தியிருந்தாள், நோர்வே ஆட்கள் தலைமுறையாய் உடுத்துகிற அந்தக் கம்பளி உடுப்பு. நெஞ்சில் புதிதாய் ஒரு வெள்ளிப் புரூச். உன் மாமியார் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "எங்கள் பள்ளத்தாக்குக்கென்று தனி உடுப்பு. வெள்ளி கெட்டதை அண்டவிடாது." உன்னுடைய உடுப்பை மாறுவேசம் என்று சிரித்ததும் இதே மனுசிதான்.

மெகொங் ஆற்றங்கரையில் உங்கள் டாய் சனம் உடுத்துகிற அந்தக் குழாய்ப் பாவாடையோடு நீ முதன்முதல் குரோருட்டில் நம் அடுக்குமாடிப் படியில் இறங்கி வந்தது நினைவிருக்கிறதா? ஒட்டின சட்டை, பக்கக் கொண்டையில் பூ, பாவாடைக் கரையெல்லாம் மயில். மயிலைக் கண்டதும் நான் என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். "என் பாவாடையையா கும்பிடுகிறாய்?" என்று படியிலேயே இருந்து சிரித்தாய். இடுப்பில் அந்த வெள்ளிப் பட்டி. அரைகுறை நோர்ஸ்க் மொழியில்தான் விளங்கப்படுத்தினாய்: உன் தாய் உனக்குத் தந்தது. ஒரு பெண் அதை ஓர் ஆணிடம் கொடுத்தால், மனதைக் கொடுத்தேன் என்று வேறாய்ச் சொல்லத் தேவையில்லை. அப்படித்தான் அவருக்குக் கொடுத்தாயாம். "என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்" என்றாய். கடைசியாய் நோயில் படுத்தபோது இன்னொன்றும் சொன்னாய், எனக்கு மட்டும்: "பிள்ளை வளர்ந்ததும் அது அவளுக்கு."

விருந்தில் கேக் வெட்டும்போது உன் புருசன் எழுந்து நின்று பெருமையாய்ச் சொன்னார்: "இந்தப் புரூச் இவள் தாயின் வெள்ளிதான். பெல்ட்டை உருக்கிச் செய்வித்தேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

பூனாட்டுக்கு வெள்ளி வேண்டும் என்றால் கடை இல்லையா? அவர்கள் வீட்டு வெள்ளிக்குத் தலைமுறை தலைமுறையாய்க் கதை இருக்கிறது. உன்னுடையது அவர்களுக்கு வெறும் உலோகம்.

திரும்பி வரும்போது இவர் சொல்கிறார்: "எங்கடை ஆக்களும் பழைய நகையை அழிச்சுத்தானே புதுசு செய்யினம்? இதிலை என்னப்பா?"

"அப்ப என்ரை தாலிக்கொடியையும் அழிச்சு ஒரு காப்புச் செய்விச்சுத் தாங்கோ."



ஆனால் உன் வீட்டை விட்டு வருவதற்கு முதல், குசினியில் நான் தட்டுக் கழுவும்போது உன் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்ரி, பெல்ட்டை அம்மா ஏன் அப்பாட்டைக் குடுத்தவ? ஆம்பிளையள் அதைக் கட்டுறேல்லையே?" எங்கள் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்த தமிழ்.

"சனிக்கிழமை வீட்டை வா, சொல்லுறன்" என்றுவிட்டேன். வேறென்ன சொல்ல?

சொன்னால், மிஞ்சியிருக்கிற தகப்பனையும் அவள் வெறுப்பாள். மறைத்தால், தாய் மகளுக்கென்று எதை வைத்துவிட்டுப் போனாள் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. கடவுளிடம் கேட்டேன், அவர் என்னிடமே விட்டுவிட்டார். நீ சொன்ன வார்த்தை இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, பாரமாய் இருக்கிறது.

சொல்லட்டோ, விடட்டோ? கனவிலாவது வந்து ஒரு பதில் சொல்லு. சனிக்கிழமைக்கு முதல் சொல்லு.