சோதித்துப் பார்த்தேன், திருப்தி

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, உறையைப் பார்த்ததும் பதறாதே. போனில் சொல்லாமல் எதற்குத் தபால் என்று நினைப்பாய். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

சென்ற மாதம் இருபத்தாறாம் தேதி காது மெஷின் ஒன்று வாங்கினேன். எனக்குத்தான். அப்பா விட்டுப்போன வைப்புத்தொகையில் ஒன்றை உடைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டால் கரண்டி விழுவது இடியாகக் கேட்கிறது. மனிதர் பேசுவதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது. இரண்டு முறை கடைக்குப் போனேன். மேனேஜர் துடைத்து, ஊதி, திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை ஒரு தாளை என் முன்னால் வைத்தார். 'சோதித்துப் பார்த்தேன், தெளிவாகக் கேட்கிறது, திருப்தி.' கீழே என் கையெழுத்து. "உங்க கையெழுத்துதானேம்மா? முத்து முத்தா இருக்கே!" என்று கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்று கான்வென்டில் எங்கள் மதர் சொல்லுவார். நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். வாங்கிய அன்று மேனேஜர் மெஷினை மாட்டிவிட்டு, சோதிக்க என் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ கேட்டார். பக்கத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கேட்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் கெடு என்று விசாரித்தேன். நாலு பேர் நாலு விதம். பில்லின் பின்பக்கத்தில் ஏழு நாள். நூலகத்தில் இலவசமாகக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் பதினான்கு. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் போனைத் தேய்த்துப் பார்த்து, "முப்பது நாள்னு போட்டிருக்கு, கவலைப்படாதீங்கம்மா" என்றார். மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, "ஒரு வருஷம் வாரன்டி இருக்கும்போது உனக்கென்னடி அவசரம்?" என்றாள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். குழப்பம்தான் நேர்த்தியாக இருந்தது.

பிரசுரத்தில் சட்ட உதவிக்கு ஓர் இலவச எண்ணும் இருந்தது. போன் செய்தேன். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் ஒரு குரல் வந்தது. ஒன்றை அழுத்தச் சொன்னதோ இரண்டையோ, தெரியவில்லை. எல்லாவற்றையும் அழுத்தினேன். யாரோ வந்து பேசினார்கள். நன்றி கூறி வைத்துவிட்டேன். காது மெஷின் மேல் புகார் சொல்ல நல்ல காது வேண்டியிருக்கிறது. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்ல?

வியாழக்கிழமை நூலகத்துக்கே போனேன். பின்னறையில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வாரம் ஒருநாள் ஒரு பெண் வக்கீல் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறாள். உன் வயதுதான் இருக்கும். நான் இரண்டு முறை தலையாட்டியதும் பேச்சை நிறுத்தினாள். ஒரு தாளை இழுத்து, கேள்வியை எழுதி என் பக்கம் திருப்பினாள். முகம் சுட்டது. ஆனாலும் பதில் எழுதினேன்.

அவள் எழுதித்தான் எனக்குப் புரிந்தது. ஏழு நாள் என்பது மனம் மாறியவர்களுக்கு. பதினான்கு, கடைக்குப் போகாமல் வாங்கியவர்களுக்கு. ஒரு வருடம் என்பது பழுது பார்க்க மட்டும். பொருள் தன் வேலையையே செய்யவில்லை என்றால் வாங்கிய முப்பது நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தையல்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் என் கையெழுத்தே எனக்கு எதிராக நிற்கிறது. மெஷின் மாட்டியும் எனக்குக் கேட்கவில்லை என்று வேறொருவர் சாட்சி எழுதித் தர வேண்டுமாம். 'உங்களோடு அடிக்கடி பேசுவது யார்?' என்று எழுதினாள். 'மகள், ஞாயிறுதோறும்' என்று எழுதினேன்.

ஆகவே நீதான் எழுத வேண்டும். இந்த மாதம் இருபத்தைந்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும், உடனே அனுப்பு. உண்மையை மட்டும் எழுது. கூட்டவும் வேண்டாம், என் மானத்துக்காகக் குறைக்கவும் வேண்டாம்.

உண்மை இதுதான். ஒரு வருடமாகவே நீ பேசுவதில் பாதிதான் கேட்கிறது. நான் ஒரு வழி வைத்திருந்தேன். உன் குரல் ஏறினால் 'அப்படியா', இறங்கினால் 'சரிதான்', நின்றால் 'நல்லது'. நீ கண்டுபிடிக்கவில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன ஞாயிறு மெஷினைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன். நீ வெகுநேரம் பேசினாய். நடுநடுவே நிறுத்தினாய். முடித்ததும், "நல்லது, ரொம்ப சந்தோஷம்" என்றேன். பிறகு ஒன்றுமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது வெளிச்சம் அணைந்திருந்தது, நீ வைத்துவிட்டிருந்தாய்.

சாட்சிக் கடிதத்தோடு இன்னொரு தாளில், அன்று நீ சொன்னதை எனக்கு எழுது. எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம், என் கண் நன்றாகவே இருக்கிறது. அது சந்தோஷப்படக் கூடாத செய்தியாக இருந்தால், நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கு எத்தனை நாள் கெடு என்று வக்கீலிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எதுவானாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா